உப்பு ஜாடி

அந்த ஏரிக்கு மதகு கிடையாது. ஓடை வழியாக உள்ளே வந்த தண்ணீர் ஆவியாகி மேலே போனால்தான் உண்டு. வெயிலோ தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை மிச்சம் வைத்துவிடும். ஊர்க் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். அதனால் கோடை ஏற ஏறச் செண்பகவல்லி குழம்புக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொண்டே வருவாள். இந்த வருஷம் மழையே இல்லை. உப்பு ஜாடியைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அப்படியும் புருஷன் தவசி தினமும் முகத்தைச் சுளித்தான். "ஏரியவே வத்த வச்சு ஊத்திட்டியாடி?"

"ஆமா, நான்தான் ஏரியில உப்பைக் கரைச்சேன்!" அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோட்டத்துக் கீரையும் கருகிய பிறகு, ஊரை விட்டே போய்விடுவது என்று முடிவாயிற்று. பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டையாகிவிட்டன. கிளம்புகிற அன்று காலையில் கடைசியாக ஒரு புளிக்குழம்பு வைத்தாள். தவசி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல முகத்தைச் சுளித்தான்.

"என்னடி இது, உப்புச் சப்பே இல்ல?"

கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. ஜன்னல் வழியே ஓடை பிறக்கும் மலையைப் பார்த்தாள். கருகருவென்ற மேகத்தில் உச்சியே தெரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.