பூனை அக்கா

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. டுரியான் துங்காலில் விடியற்காலை முதல் ஓயாத மழை.

“மனுஷங்க மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா ஆண்ட்டி? மறைக்காம சொல்லுங்கலா!” என்றார் கால்நடை மருத்துவர் கிளாரிசா.

மேசைமீது கோப்பி என்னும் பூனை வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. அதன் முகம் வீங்கியிருந்தது. ஈறுகள் சாக்லெட் நிறமாக மாறியிருந்தன.

அதை வளர்க்கும் ரோஸ் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமான் குடியிருப்பில் அவருக்குப் ‘பூனை அக்கா’ என்று பெயர். எவர் வீட்டுப் பூனை தும்மினாலும் முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும்.

“நேத்து மதில்லேருந்து விழுந்து நொண்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“பாராசெட்டமோல்னா பாதி மாத்திரையே பூனையைக் கொன்னுடும். உறுதியாத் தெரிஞ்சா இப்பவே முறிமருந்து போட்டுடுவேன்.”

ரோஸ் பூனையின் வாலைத் தடவினார். கோப்பியின் விலா எலும்புகள் ஏறி இறங்கின.

“நான்தான்மா குடுத்தேன்,” என்றார் கதவோரம் நின்ற கணவர் அந்தோணிராஜ். “பாராசெட்டமோல்தான். பாதி. விடியகாலைல.”

கிளாரிசா பூனையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

“உங்களுக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே!” ரோஸின் குரல் உயர்ந்தது. “சோபால ஏறுனா செருப்பத் தூக்குற ஆளு! இன்னைக்கு வந்துட்டாரு பெரிய டாக்டரு!”

“பாவம் அக்கா, வீட்டுக்காரரு இப்படியா?” என்று, வெளியே தன் முயலோடு முறைக்குக் காத்திருந்த மங்களம் உச்சுக் கொட்டினார். அந்தோணிராஜ் தலைகுனிந்து நின்றார்.

வெகுநேரம் கழித்துக் கிளாரிசா வெளியே வந்தார். “மூச்சு சீராயிடுச்சு. பொழைச்சுக்கும், ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். அங்கிள், பூனைக்குன்னே வலி மருந்து இருக்கு. எடை பாத்து நாங்கதான் தரணும். வீட்டு மருந்து டப்பாவ அதுக்குத் திறக்கவே கூடாது, சரியா?”

“சரிம்மா. புத்தி வந்துருச்சு.”

காரில் ஏறிய பின்னும் ரோஸ் கணவரின் பக்கம் திரும்பவில்லை.

“எல்லார் முன்னாலயும் ஏசிட்டேங்க…”

“பரவால்லலா.” அவர் மூக்குக்கண்ணாடியில் வழிந்த மழைநீரைத் துடைத்தார். “நீ அந்த மாத்திரைய மத்திமீன்ல பிசைஞ்சு கோப்பிக்கு ஊட்டுனத சன்னல் வழியா பாத்தேன் ரோஸ். நீயே சொல்லுவேன்னுதான் நின்னேன். ஆனா, கோப்பியால அவ்வளவு நேரம் தாங்க முடியாதே.”

அவர் காரைக் கிளப்பியபோது மாலை மணி ஐந்து இருபது.