இடது கால்

வக்கீலம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அறையின் நடுவில் போட்டார். லாரிக்காரரை அதில் உட்கார்ந்து, விபத்து நடந்த அன்று வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்.

லாரிக்காரர் நாற்காலியைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

“இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியிருக்கேன். நாற்காலி ஓட்டுறது இதுதாம்மா மொத தடவ.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவர் மகள் சிரிக்கவில்லை. வக்கீலம்மாவும்தான்.

லாரிக்காரரும் மகளும் போன கார் காலியான சாலையில் திடீரென்று நின்றிருக்கிறது. பின்னால் வந்த பைக் அதில் மோதி, ஓட்டி வந்தவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதற்கு முந்தைய சிக்னலில் அந்த பைக்காரர் காரின் கண்ணாடியைத் தட்டித் திட்டியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் லாரிக்காரர் வேண்டுமென்றே பிரேக் போட்டார் என்பது போலீஸ் தரப்பு.

கவனக்குறைவு என்றால் ஒன்றிரண்டு வருடம் ஜெயில். வேண்டுமென்றே என்றால் லாரிக்காரர் வெளியே வரும்போது எழுபதைத் தாண்டியிருப்பார்.

நாய் ஒன்று குறுக்கே ஓடியதாக அவர் சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்ததாகச் சொன்ன மகளும் அதையே சொன்னாள். செவலை நாய். வால் குட்டை.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிய நாயின் வாலை இரண்டு பேரும் அளந்து வைத்திருந்தது வக்கீலம்மாவுக்கு உறுத்தியது. விபத்து நடந்த இடத்துக்கு எதிரே இருந்த டயர் கடையின் கேமராவில் காரின் பிரேக் விளக்கு எரிவது தெரிந்தது. நாய் இல்லை. கண்ணாடியில் வெயில் அடித்ததால் ஓட்டியவர் முகமும் இல்லை.

கார் மகளுடையது. வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவள் நர்ஸ், அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர வேண்டியவள். பெயரில் ஒரு குற்ற வழக்கு இருந்தால் அந்த வேலை கிடையாது.

பிள்ளை செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வரும் அப்பாக்களை வக்கீலம்மா நிறையப் பார்த்திருக்கிறார். நேராகக் கேட்டால் அவர்கள் அசைய மாட்டார்கள். அதற்காகத்தான் இந்த நாற்காலி. ஓட்டாதவர் உட்கார்ந்தவுடன் கடைகளையும் போர்டுகளையும் சொல்ல ஆரம்பிப்பார். ஓட்டியவருக்கு வாயை முந்திக்கொண்டு கையும் காலும் பேசும்.

லாரிக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

தெருமுனையில் திரும்பினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அன்று பள்ளி விடுமுறை என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். வக்கீலம்மா ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

சிக்னலில் நின்றார். பைக்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டுச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்லக்கூடியது இல்லை என்றார். பச்சை விழுந்தது. பைக்காரரைப் பின்னால் விட்டுவிட்டு வேகம் எடுத்தார்.

கை கியருக்குப் போனது. அந்தக் காரில் கியர் போடவே வேண்டாம், தானாக மாற்றிக்கொள்ளும். ஆனாலும் போனது. கையோடு சேர்ந்து இடது கால் எழுந்து, தரையில் அழுத்தமாக இறங்கியது.

வக்கீலம்மா அந்தக் காலையே பார்த்தார். மறுபடி சிக்னலிலிருந்து ஓட்டச் சொன்னார். கால் மறுபடி இறங்கியது.

அவர் எழுந்து வந்து நாற்காலிக்கு முன்னால் குனிந்து, தரையில் விரலால் காட்டினார். லாரியில் இந்த இடத்தில் கிளட்ச் இருக்கும். இந்தக் காரில் கிளட்சே கிடையாது. அகலமான பிரேக் பெடல்தான் இருக்கிறது. கியர் மாற்றுவதாக நினைத்துக் கிளட்சை மிதிக்கிற வேகத்தில் அதை மிதித்தால் வண்டி நட்டுவைத்த மாதிரி நிற்கும். கோபமும் இல்லை, நாயும் இல்லை. வெறும் பழக்கம்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு வழக்கின் முதுகெலும்பையே உடைத்துவிடலாம் என்றார். இத்தனை நேரம் இவரைச் சந்தேகப்பட்டதற்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

லாரிக்காரர் சந்தோஷப்படவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் வண்டி ஓட்டிப் பழகிய யாருக்கும் இது வருமா என்று கேட்டார். யாருக்கும் வரும், அதைத்தான் கோர்ட்டில் சொல்லப்போகிறோம் என்றார் வக்கீலம்மா. அவர் இன்னொரு தடவை அதையே கேட்டார். வக்கீலம்மாவும் அதையே சொன்னார்.

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயை எடுத்துவிட்டு வாக்குமூலத்தைப் புதிதாக எழுதினார்கள். காரை ஓட்டியது நான்தான் என்று முதல் வரியில் இருந்தது. லாரிக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருவரும் கிளம்பினார்கள்.

இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதை வக்கீலம்மா அப்புறம்தான் கவனித்தார். தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார்.

பாதிப் படியில் லாரிக்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தார். இரண்டு படி கீழே மகள். அவர் குரல் தாழ்ந்திருந்தது. படிக்கட்டில் எல்லாம் கேட்டது.

“அப்ப நீ வேணும்னு மிதிக்கல. இல்லயாம்மா?”

வக்கீலம்மா தாளோடு மேல்படியிலேயே நின்றுவிட்டார்.

மகள் திரும்பவில்லை.

“படியப் பாத்து எறங்குங்கப்பா.”