பார்வைக்கு வைத்த பொற்காசு

இதனால் சூரிச் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறியத்தருவது: 1907ஆம் ஆண்டின் அமெரிக்கப் பொற்காசு ஒன்று, அருட்செல்வனின் வீட்டில் சனிக்கிழமை முதன்முறையாகப் பார்வைக்கு வைக்கப்பட்டது. பெருமக்கள் நால்வர் வந்திருந்தனர்.

“விரல் பட்டாலே மதிப்புப் போயிடும். மூச்சும் விடாதேங்கோ!” என்றபடி அருட்செல்வன் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

“ஜெயகௌரி! காசு எங்கை?”

“கத்தாதேங்கோப்பா. பத்திரமா இருக்கு,” என்றாள் மனைவி.

“பாங்கிலையோ?” என்றார் ஒரு நண்பர், நிம்மதியாக.

“இல்லை அண்ணை, கழுத்திலை.” தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். “தாலிக்கு ரெண்டு பக்கமும் கோக்கிற காசிலை ஒண்டு துலைஞ்சு போச்சு. நாளைக்குக் கலியாணவீடெல்லோ? இது அளவும் சரி. நகைக்கடைக்காரர் கையுறை போட்டுத்தான் துளைச்சவர்.”

காசிலிருந்த சுதந்திரதேவியின் நெற்றியில் ஓட்டை நேர்த்தியாக இருந்தது.