மூன்றாம் வரிசை, ஐந்தாம் பெட்டி

காசிமாயன் புது வெள்ளைச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

போன் ஒரு நூல் கோன்மேல் சாய்ந்து நின்றது. சுவரில் காரை பெயர்ந்திருப்பது தெரியாமலிருக்க, அவர் மனைவி முத்துப்பேச்சி பின்னால் ஒரு பனியன் துணியைக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள்.

சென்னையில் பாட்டுப் போட்டி, நேரலை. மேடைக்கு எதிரே ஒரு திரைச்சுவர். அதில் அறுபது பெட்டிகள், அறுபது முகங்கள். அவரவர் வீட்டில் இருந்தபடியே கைதட்டலாம். மேடையில் நிற்கிறவர்களுக்கு அந்த முகங்கள் தெரியும்.

பாடப்போகிறவன் அவர் மகன் அருண்பாண்டி. அவருக்குக் கிடைத்தது மூன்றாம் வரிசை, ஐந்தாம் பெட்டி.

வீட்டுக்காரம்மா பழனாயி காலையிலேயே வந்து பாஸ்வேர்டு கொடுத்துவிட்டுப் போனார். “பையன் பாடறப்ப நெட்டு நிக்கக் கூடாதுங்க. எங்க ஊட்டு வைஃபையப் போட்டுக்குங்க.”

அப்பனும் மகனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது என்பது மண்ணரைப் பகுதியில் அந்த லைன் வீடுகள் முழுக்கத் தெரியும்.

காசிமாயனுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மெஷின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. பீஸ் சரியாக வந்திருந்தால், தைத்தவரைப் பார்த்துத் தன் சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். பாஸ் என்று அர்த்தம்.

அருண்பாண்டி அதே கம்பெனியில், அவர் செக்கிங் பார்த்த தையல் லைனில் ஒன்றரை வருடம் தைத்தான். அவனுக்கு மட்டும் அவர் ஒருநாளும் காலரைத் தூக்கியதில்லை. சொந்தப் பையனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

ஒருநாள் லைன் மொத்தமும் பார்க்க, அவன் தைத்த பனியன் கட்டை அவன் மடியிலேயே விட்டெறிந்தார். பாட்டு ஞாபகத்தில் தைத்தால் இப்படித்தான் என்று கத்தவும் செய்தார். அன்றைக்கு எழுந்து போனவன்தான்.

அதை நினைத்து அவர் வருந்தாத நாள் கிடையாது. போன் செய்து சொல்லத்தான் வாய் வரவில்லை.

இன்றைக்குக் காலரைத் தூக்கிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். பெட்டியில் இருப்பவர்களின் சத்தம் மேடைக்குக் கேட்காதாம். நல்லதாகப் போயிற்று.

காலையில் சேனலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, டெஸ்ட் என்றாள். சிரிக்கச் சொன்னாள். கைதட்டச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரிக்கச் சொன்னாள்.

காசிமாயனுக்கு இது புதிதல்ல. முதலில் சாம்பிள், அது ஓகே ஆன பிறகுதான் சரக்கு. சாம்பிளுக்கு எதற்கு நல்ல சட்டை? உடம்பில் கிடந்த பழைய நீலச் சட்டையோடு கேட்டதையெல்லாம் செய்து காட்டினார். காலரை மட்டும் தொடவில்லை. அதைச் சரக்குக்கென்று வைத்திருந்தார்.

போனில் மேடை உடனுக்குடன் தெரிந்தது. டிவியில் எல்லாம் பத்து நொடி கழித்துத்தான் வரும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

அருண்பாண்டி பாடினான். சரணத்தில் ஓர் இடத்தில் குரல் பிசிறியது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வாரம் வெளியேறுவது அவன்தான் என்று அறிவித்தார்கள்.

அவன் அழவில்லை. நிமிர்ந்து திரைச்சுவரைப் பார்த்தான். வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினான்.

காசிமாயன் எழுந்து நின்றார். காலரை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். பிடித்த பிடியை விடவில்லை.

அப்படியே டிவி பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

டிவியிலும் மகன் நிமிர்ந்தான். அவன் தோளுக்கு மேலாகத் திரைச்சுவரைக் காட்டினார்கள். முத்துப்பேச்சி டிவியை ஒட்டிப் போய் நின்று விரலால் எண்ணினாள். மூன்றாம் வரிசை. ஐந்தாம் பெட்டி.

“ஏங்க, இது காலையில போட்டிருந்த சட்டையில்ல?”

காலையில் எடுத்த சாம்பிளையே சரக்கென்று அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டைக் காலர் இன்னும் அவர் விரல்களில்தான் இருந்தது.

அருண்பாண்டியின் பார்வை அந்தப் பெட்டியில் வந்து நின்றது. தோற்று நிற்கிற மகனைப் பார்த்து, நீலச் சட்டைக் காசிமாயன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கைதட்டினார்.