பலிபீடத்துத் திரி

தேவாலயத்தின் பலிபீடத்தில் ஒரு மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் அரசன் வந்து ஆயரின் முன்னால் மண்டியிட்டான். ஊருக்குத்தான் அவன் ராஜா, ஆயரின் முன்னால் அவனும் முழங்காலில்தான். மலைக்கு அப்பால் வேறு கடவுளைக் கும்பிடும் நகரத்தின்மேல் படையெடுக்கும்படி ஆயர் கட்டளையிட்டார். "புனிதப் போருக்குப் புனித நெருப்பு" என்று, ஒரு பந்தத்தை அந்தத் திரியிலேயே கொளுத்திக் கொடுத்தார்.

"போய் அவங்களுக்கு வெளிச்சம் காட்டிட்டு வா, தம்பி" என்று திரி பந்தத்தை வாழ்த்தி அனுப்பியது.

அறுவடை முடிந்த பிறகு பந்தம் கரிக்கட்டையாகத் திரும்பியது. வெற்றியின் அடையாளம் என்று அதைப் பலிபீடத்தின் அருகே சாத்திவைத்தார்கள்.

"அங்க ரொம்ப இருட்டா?" என்று கேட்டது திரி.

"இல்லக்கா. அங்கயும் ஒரு கோயில். பொம்பளைங்களும் பிள்ளைங்களும் உள்ள ஒளிஞ்சிருந்தாங்க. நடுவுல ஒரு விளக்கு. என்னைப் பார்த்ததும், 'பயப்படாதீங்க, நம்ம சொந்தந்தான் வருது'ன்னு அவங்ககிட்ட சொல்லுச்சு."

"அப்புறம்?"

"முதல்ல கூரையிலதான் என்னை வச்சாங்க."

மறுநாள் அரசன் மீண்டும் வந்தான். இந்த முறை வேறு நகரம். ஆயர் புதிய பந்தத்தோடு பலிபீடத்தை நெருங்கினார். கதவு வழியே வந்த காற்றுக்குத் திரி தன் தலையைக் கொடுத்தது. சுடர் நீலமாகச் சுருங்கியது. இன்னும் ஒரு வீச்சு போதும்.

"ஐயோ!" என்று பதறிய ஆயர் பந்தத்தைக் கீழே போட்டுவிட்டு, பறவைக் குஞ்சை ஏந்துவதுபோல இரண்டு கைகளாலும் சுடரைப் பொத்திக்கொண்டார். அது நிமிர்ந்து எரியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

பிறகு குனிந்து பந்தத்தை எடுத்தார்.