ஈரச் சுவருக்கு ஒரு பேனர்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஆஸ்துமாவின் கொட்டம் இன்று காலை இந்த இரண்டாம் மாடி வாடகை வீட்டில் அடங்கப்போகிறது. 'வீடு தேடி வரும் மூச்சு' திட்டத்தின் இயக்குநர் தம் பரிவாரத்தோடு அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுகிறது. மேல்வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்து கசிந்து, கூரையிலிருந்து கட்டில்வரை அங்கே கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. கட்டிலில் சின்ன மகள் ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கி இறக்குகிறாள். "இந்தச் சுவர்தான் சார் இவளைப் படுத்துது. மேல ஒழுகறதை மட்டும் அடைச்சுக் குடுங்க" என்கிறாள் அம்மா. "அது கட்டடப் பிரிவும்மா. நாங்க விழிப்புணர்வுப் பிரிவு." "விழிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன், ராத்திரி பூரா." பாராட்டு என்று நினைத்து இயக்குநர் தலையசைத்துக்கொள்கிறார். போட்டோக்காரருக்குச் சுவர் பிடிக்கவில்லை. "கறுப்பா இருக்கு சார், படம் எடுபடாது." உடனே பூஞ்சையின் மேல் திட்டத்தின் பேனர் ஏறுகிறது. பூஞ்சை நாற்றம் இயக்குநரின் மூக்கைச் சுளிக்கவைக்க, உதவியாளர் பையிலிருந்து ரூம் ஸ்ப்ரேயை எடுத்து நாலு மூலையிலும் புஸ்ஸென்று அடிக்கிறார். ஆஸ்துமாக்காரியின் அறையில் சென்ட் அடிக்க எத்தனை பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தாரோ! "ஐயோ, அதை அடிக்காதீங்க!" அம்மா பாய்ந்து துண்டால் மகளின் மூக்கை மூடுகிறாள். குழந்தையின் நெஞ்சு விசிலடிக்கிறது. "துண்டை எடும்மா, முகம் மறைக்குது. பாப்பா, கொஞ்சம் சிரி!" என்கிறார் போட்டோக்காரர். வந்தவர்களில் ஒருவர்கூட பிளம்பர் இல்லை.