அருமை, மாமா

கதவைத் திறந்தேன். மாமனார் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, புதுச் செருப்பு, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கும் தேவைப்படாத அளவுக்குச் சிரிப்பு.

"போன வாரம் அனுப்பினதைக் கேட்டீங்கல்ல மாப்ள?"

கேட்டேன் என்று தலையாட்டினேன். என் தலைக்கு அது பழக்கம்.

விஷயம் இதுதான். அத்தை போன பிறகு தனியாக இருக்கும் மாமா, ஞாயிறுதோறும் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு குரல் பதிவு அனுப்புவார். அந்த வாரம் புதிதாகக் கேட்ட பாட்டு, புதிதாகப் படித்த புத்தகம், இரண்டையும் பற்றி விலாவாரியாக.

மாமா மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அத்தை இருந்தவரை அவர் ஊன்றிப் படித்தது கரண்ட் பில்லை மட்டும்தான். யார் பாட்டுப் போட்டாலும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர், ஏதோ ஒரு தீவில் வலை இழுக்கிறவர்கள் பாடும் பாட்டையும், பனி ஊரில் நடக்கும் துப்பறியும் நாவலையும் எங்கிருந்து பிடித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு நான் எந்தப் பதிவுக்குள்ளும் போனதில்லை. முதல் ஓரிரு வரி காதில் விழும், அவ்வளவுதான்.

என் மனைவி ஒளிவுமறைவு தெரியாதவள். இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை அப்பா என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நான் அப்படிச் சொல்ல முடியுமா? மாப்பிள்ளை ஆயிற்றே. கைவசம் சில பதில்கள் வைத்திருக்கிறேன். அருமை மாமா. மனசை என்னவோ பண்ணிடுச்சு. இன்னொரு தடவை கேக்கணும். உங்க பொண்ணுக்கும் கண்டிப்பாப் பிடிக்கும். இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டு, பெற்ற பிள்ளைகூட இப்படிக் காது கொடுக்க மாட்டான் என்று குடும்பத்தில் பெயர் வாங்கிவிட்டேன். சும்மா வந்த பெயர்தான். ஆனாலும் போனால் வலிக்கும்.

மாமாவை உட்காரவைத்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மனைவி வெளியே வருவதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டால் பிழைத்தேன். மழையைப் பற்றிச் சொன்னேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். மாமா எதிலும் சிக்கவில்லை.

"உங்க பதிலைப் பத்து தடவை படிச்சேன் மாப்ள. உங்க பொண்ணுக்கும் கண்டிப்பாப் பிடிக்கும்னு போட்டிருந்தீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."

ஒரு பாட்டுக்கு இவ்வளவா என்று தோன்றியது. உள்ளதைத்தானே சொன்னேன் மாமா என்று அடக்கமாகச் சிரித்தேன்.

"அதான் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். கீழ வண்டியில இருக்காங்க."

பாட்டையோ புத்தகத்தையோ யாரும் வண்டியில் கூட்டிக்கொண்டு வருவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மீதியை அவரே சொன்னார். நூலகத்தில் அறிமுகமானவராம். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தீவுப் பாட்டு, பனி நாவல் எல்லாமே அந்த அம்மா சொல்லித் தெரிந்தவை. வாரா வாரம் பதிவில் பாதிக்குமேல் அவரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். போன ஞாயிறு பாட்டும் இல்லை, புத்தகமும் இல்லை. இந்த வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாமா, மகளிடம் எப்படிச் சொல்வது என்று அழாத குறையாகக் கேட்டிருக்கிறார்.

நான் பதிலோடு கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பியிருந்தேன்.

நான் எங்கே சம்மதம் சொன்னேன் என்று கேட்டால், பதிவைக் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் அப்பாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தவன் ஆவேன். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். மகள் வருகிறாள் என்று ஓர் அப்பா எழுந்து நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். மாமா என்னைப் பார்த்தார். நானே சொன்னேன். நூலகம், நர்ஸ் அம்மா, கல்யாணம், கீழே வண்டி. சொல்லி முடிக்கும்போது எனக்கே அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன். என் தலை மட்டும் இந்தத் தடவை ஆடவில்லை.

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, வீட்டுக்கு வந்தவங்களைக் கீழேயே உக்கார வச்சிருக்கீங்களே, நல்லாவா இருக்கு என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, துண்டைக்கூட அவிழ்க்காமல் படியிறங்கிப் போனாள்.

மாமா நாற்காலியில் விழுந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த தைரியத்தில், உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் என் முதுகில் மெல்லத் தட்டினார்.

"எப்பவும் நான் பத்து நிமிஷம் பேசி அனுப்பிட்டு போனைக் கீழ வைக்கிறதுக்குள்ள உங்க பதில் வந்துடும் மாப்ள. அதான் போன வாரத்து பதிவை உங்களுக்கு மட்டும் அனுப்பினேன்."